பதினான்காவது கட்டம்

நாகையா கம்ப்யூட்டருக்கு வந்த கதையைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கிள்ளானில் லோரியில் ஏறி அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்த மனிதர். முதுகு பிடித்துக்கொண்டு படுத்தபோது யாரோ கொடுத்த விளம்பரத் தாளைப் பார்த்து வகுப்பில் சேர்ந்து, புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார். 1987 ஜனவரியில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்த எங்கள் கம்பெனிக்கு அவர் வந்தபோது வயது முப்பத்தைந்து. நான் அங்கே டைப்பிஸ்ட். பெயர் மார்க்கிரட், யாழ்ப்பாணத்துக் குடும்பம், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள். எனக்குக் கோபக்காரி என்று பெயர் இருந்தது. அதை நான் மறுத்ததில்லை.

அப்போது வேலை கிடைப்பதே பெரும்பாடு. முதலாளி நாகையாவைத் தற்காலிகமாகத்தான் எடுத்திருந்தார்.

"இந்தக் கல்யாண புரோகிராமுக்கு டிசம்பருக்குள்ள கையெழுத்து வாங்கிடு. வாங்கினா நீ பெர்மனென்ட். இல்லேன்னா பழையபடி லோரிதான் லா" என்றார்.

கையெழுத்துப் போட வேண்டியவர் திரு. வல்லிபுரம். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களின் சங்கம் ஒன்றில் திருமணப் பதிவுக்குச் செயலாளர். முப்பத்து மூன்று வருடம் அரசாங்க சேவையில் இருந்து ஓய்வு பெற்றவர். பதிந்திருக்கும் பெண்களுக்கும் மாப்பிள்ளைகளுக்கும் கம்ப்யூட்டரே ஜாதகப் பொருத்தம் பார்த்துத் தர வேண்டும் என்பது சங்கத்தின் ஆசை. நாகையாவின் பாடப்புத்தகத்தில் இந்த வேலைக்கு ஆறு படிகள் போட்டிருந்தன: தேவையைக் கேட்பது, வரைவது, எழுதுவது, சோதிப்பது, ஒப்படைப்பது, பராமரிப்பது. வல்லிபுரம் அதைக் கேட்டு அகமகிழ்ந்து, படிக்கு ஒரு ஃபைல் திறந்தார். இந்த ஆறு ஃபைல்களும் எங்கே இருக்கின்றன என்று எழுதி வைக்க ஏழாவதாக ஒன்றும் திறந்தார். ஃபைலில் ஏறியதை எடுக்கக் கூடாது என்பது அவர் விதி. தேநீர் கொண்டுவந்தவள் பெயர்கூட அதில் ஏறியது. கொண்டுவந்தவள் நான்தான்.

முதல் படிக்கே ஐந்து மாதம் போனது. சங்கத்தின் பதிவுப் படிவத்தில் பதினான்கு கட்டங்கள். பெயர், வயது, படிப்பு, உத்தியோகம், நட்சத்திரம் என்று பதின்மூன்று ஒழுங்காக இருந்தன. பதினான்காவது கட்டத்தில் 'மற்றவை' என்று மட்டும் போட்டிருந்தது.

"இதில என்னங்க ஐயா எழுதணும்?" என்று நாகையா கேட்டார்.

"ஒண்டும் எழுத வேண்டாம் தம்பி."

"அப்ப எதுக்கு வச்சிருக்கீங்க?"

"அது எங்களுக்குத் தெரியும்தானே."

"கம்ப்யூட்டருக்குத் தெரியாதே ஐயா."

"அதுக்கு ஏன் தெரிய வேணும்?" என்றார் வல்லிபுரம். இந்த உரையாடலை மூன்று பிரதியெடுத்து முதல் ஃபைலில் வைத்தேன்.

எனக்கு அது என்னவென்று தெரியும். ஊரில் எந்தப் பகுதி, யார் வீட்டு ஆட்கள், யாருடைய வீட்டில் யார் கை நனைப்பார்கள் என்ற கணக்கு அது. வாயால் சொன்னால் மரியாதை கெட்டுவிடும். ஆகவே எல்லோரும் மனதுக்குள் நிரப்பிக்கொள்வார்கள். நாகையாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

செப்டம்பரில் சோதிக்கும் படி வந்தது. உண்மையான பெண்களின் விவரங்களைச் சோதனைக்குக் கொடுக்க முடியாது, மாப்பிள்ளைகள் பரவாயில்லை என்று சொல்லி வல்லிபுரம் அறுபத்து மூன்று மாப்பிள்ளைகளை மட்டும் கொடுத்தார். பெண்ணை நாகையாவே செய்துகொள்ள வேண்டியதாயிற்று. பெயர் குணபூசணி, வயது இருபத்தாறு, ஆசிரியை, அமைதியான குணம். முகவரி இல்லாமல் புரோகிராம் பதிவை ஏற்காது. அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்த முகவரி கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் இருந்த தன் வீடு ஒன்றுதான், அதையே போட்டார். இல்லாத பெண்ணுக்கு நட்சத்திரம் எதைப் போடுவது என்று தெரியாமல் அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டார்.

பட்டனைத் தட்டினார். அறுபத்து மூன்று மாப்பிள்ளைகளுக்கும் குணபூசணிக்கும் பத்துக்குப் பத்துப் பொருத்தம் என்று பிரின்டர் கறகறவென்று அடித்துத் தள்ளியது. எங்கேயோ தவறு என்று நாகையா தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோதே, சோதனையைப் பார்க்க வந்திருந்த வல்லிபுரம் பிரின்டரிலிருந்து தாளைக் கிழித்தெடுத்து மடித்தார்.

"ஐயா, அது டெஸ்ட்டுங்க. வெறும் சோதனை."

"சோதனைதானே, வீட்டில வச்சு ஆறுதலா, நேரமெடுத்துப் பாக்கிறன்" என்று பையில் போட்டுக்கொண்டு போனார். நாகையா செய்த பெண்ணை அவர் நிஜப் பெண் என்றே நினைத்துவிட்டார்.

அன்றிலிருந்து நாகையா ஞாயிற்றுக்கிழமையும் அலுவலகம் வந்து தவறைத் தேடினார். நானும் வந்தேன். டைப் அடிக்க ஒன்றும் இல்லாமலே வந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

"அம்மா எனக்குப் பொண்ணு தேடுறாங்க போலிருக்கு, மிஸ் மார்க்கிரட்" என்றார் ஒரு ஞாயிறு. "வாரா வாரம் யாரோ கார்ல வந்து போறாங்களாம். பெரிய இடம்னு சொல்றாங்க."

"நல்லது" என்று சொல்லிவிட்டு ஜன்னலை அறைந்து சாத்தினேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் கேட்டு முதல் தடவை போகும் வீட்டில் பெண்ணைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. இந்தப் பக்கம் வந்தோம், அப்படியே எட்டிப் பார்த்தோம் என்று உட்கார்ந்து, மழை, சாலை, வீட்டுச் சுவர் என்று பேசி எழுந்துவிட வேண்டும். வல்லிபுரம் கொண்டுபோன தாளைப் பார்த்து, அப்படித்தான் ஒன்பது மாப்பிள்ளைக் குடும்பங்கள் குணபூசணியைத் தேடிக் காரில் மேருவுக்குப் போயின. நாகையாவின் தாயார் வீரம்மா, தன் ஒரே மகனைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்து, வாரா வாரம் வடை சுட்டுத் தேநீர் போட்டுக் கொடுத்தார். ஒன்பது ஞாயிறு இரண்டு தரப்பும் மழையைப் பற்றிப் பேசின. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

டிசம்பர் நடுவில் வல்லிபுரம் வந்து மேசை மேல் ஒன்பது கடிதங்களைப் பரப்பினார்.

"தம்பி, உம்முடைய மெஷின் பிழை. ஒன்பது வீட்டுக்காரரும் எழுதியிருக்கினம். ஜாதகம் பொருந்தேல்லையாம். நான் கையெழுத்து வைக்க ஏலாது."

நாகையா முதல் கடிதத்தை எடுத்தார். குணபூசணி, மேரு. கீழே தன் வீட்டு முகவரி. அவர் முகம் சிவந்து, பிறகு வெளுத்ததை நான் பார்த்தேன். குணபூசணியின் பதிவைத் திரையில் கொண்டுவந்தார். காலியான நட்சத்திரக் கட்டத்தை வெகுநேரம் பார்த்தார். தவறு அங்கேதான் இருந்தது. நட்சத்திரம் இல்லாததால் புரோகிராமுக்குத் தள்ளுவதற்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. காரணம் இல்லையென்றால் முழுப் பொருத்தம் என்று போட்டுவிட்டது.

வாயை மூடிக்கொண்டு அதைத் திருத்தியிருக்கலாம். சோதனைக்கு மறுபடி நாள் கேட்டிருக்கலாம்.

"மெஷின் பிழைதாங்க ஐயா" என்றார் நாகையா. "இந்தப் பொண்ணே கிடையாது. நான் சோதனைக்குச் செஞ்சது. அது என் வீடு. அந்தப் பொண்ணுக்கு ஜாதகமும் கிடையாது." ஒன்பது கடிதங்களையும் அடுக்கி அவர் பக்கம் தள்ளினார். "ஒம்பது பேரும் எந்த ஜாதகத்தைப் பாத்துட்டுப் பொருந்தலைன்னு எழுதினாங்க?"

ஒன்பதாவது கடிதம் வல்லிபுரம் தன் மகனுக்காக எழுதியது. அது அவர் கைக்கு நேராகவே கிடந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒப்படைப்பு ஃபைலைத் திறந்து, முப்பத்து மூன்று வருட சேவையில் முதல் தடவையாக, ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

"அந்தப் பிள்ளையை எடுத்துவிடும்" என்றார் மெதுவாக.

"ஃபைல்ல ஏறினதை எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க."

வல்லிபுரம் யோசித்தார். குணபூசணிக்குத் திருமணமாகிவிட்டது என்று பதிவில் குறிக்கச் சொல்லி, தேதியும் போட்டுவிட்டுப் போனார். இன்றுவரை அவள் அங்கே சுமங்கலியாக இருக்கிறாள்.

நாகையாவுக்கு வேலை நிரந்தரமானது. அன்று மாலை அவர் சிரிக்கவில்லை.

"அம்மா இந்த ஞாயித்துக்கிழமையும் உளுந்து ஊறப் போடுவாங்க. என்ன சொல்றதுன்னு தெரியல" என்றார்.

ஞாயிறு காலை பஸ் ஏறி மேருவுக்குப் போனேன். கதவைத் திறந்த வீரம்மா எனக்குப் பின்னால் காரைத் தேடினார். உட்கார வைத்தார். தேநீரும் வடையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் கப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மழை வரும் போலிருக்கு" என்றேன். வழக்கம் விடவில்லை.

"ஆமாம்மா" என்றார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "எல்லாரும் நல்லாத்தான் பேசினாங்க. ஒம்பது வீட்டுக்காரங்க. ஒருத்தர்கூட தண்ணி குடிக்கலம்மா. அப்படியே வச்சிட்டுப் போயிட்டாங்க. அவன்கிட்ட நான் சொல்லல."

ஐந்து மாதம் எங்கள் சங்கம் வாய் திறக்காத பதினான்காவது கட்டத்தை இந்த அம்மாள் ஒன்பது கப்புகளில் படித்துவிட்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் வடையை முழுதாகத் தின்றேன். தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன். பிறகு கப்பை அவரிடம் நீட்டினேன்.

"இன்னொரு கப் குடுங்க ஆன்டி" என்றேன். "சீனி கொஞ்சம் கூட."