பாலத்திலிருந்து விழுந்தவனும் பாதியில் வந்தவனும்

சினிமாத் தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவன் ஊருக்கெல்லாம் படம் காட்டுவான், தான் ஒன்றையும் முழுதாகப் பார்க்க மாட்டான். இருட்டில் நின்று சம்பளம் எடுத்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலர்மோவில், வியா மக்வேதா என்ற பெரிய தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், சின்னத் தியேட்டரொன்றில் எனக்கு அந்த வேலை. டிக்கெட் கிழிப்பது, டோர்ச் அடித்து இடம் காட்டுவது, முடிந்ததும் கதவைத் திறந்துவிட்டுக் கூட்டுவது. ஒரு மாரிகாலம் அங்கே ஒரு பிரெஞ்சுப் படம் ஓடியது. நகரத்து ஓர அடுக்குமாடிகளில் வேலையற்றுத் திரியும் நாலு பெடியன்கள். கடைசிப் பகுதியில் ஒருவன் பாலத்திலிருந்து விழுந்து சாகிறான். அது தெரியாத தாய் மேசையில் அவனுக்குச் சாப்பாட்டுக் கோப்பை வைக்கிறாள். பிறகு முடியும்வரை அவளைத்தான் காட்டுகிறார்கள்.

அந்த நாட்களில்தான் என் மகன் ரூபன், பத்தொன்பது வயது, என்னோடு சண்டை பிடித்து வீட்டை விட்டுப் போயிருந்தான். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையப் பக்கம் கூட்டாளிகளோடு இருக்கிறான் என்று கேள்வி. மனைவி ரீத்தா தான் வேலை செய்யும் இத்தாலிய எசமானி, சிஞ்ஞோராவின் வீட்டிலிருந்து வந்து சமைத்து, அவனுக்கும் ஒரு கோப்பையில் போட்டு மூடி வைப்பாள். காலையில் அதை நான் சாப்பிடுவேன்.

இத்தாலியர் சொன்னதையும் எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் ஞாபகம்.

வந்த இடம்

பலர்மோக்காரர் படம் தொடங்கும் நேரம் பார்த்து வருவதில்லை. மழை பெய்தால் வருவார்கள், பஸ்ஸைத் தவறவிட்டால் வருவார்கள். பாதியிலிருந்து பார்த்து, அடுத்த காட்சிக்கும் அப்படியே இருந்து, தாங்கள் உள்ளே வந்த இடம் திரையில் வந்ததும் எழும்பிப் போவார்கள். யாரும் தடுப்பதில்லை.

முதல் கிழமை ஒரு கிழவி, பெடியன் பாலத்தில் ஏறும்போது வந்து உட்கார்ந்தாள். அடுத்த காட்சியில் அதே பாலம் வந்ததும் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். முடிவுதான் அருமையென்றல்லவா பத்திரிகைகள் எழுதுகின்றன என்று கேட்டேன். அவள் என் கையைத் தட்டினாள்: "இதிலைதான் நான் வந்தனான். இனி நடக்கிறது தெரியும் மகனே, தெரிஞ்சுகொண்டு இன்னொருக்கால் பார்க்க ஏலாது."

விழுந்தவனா, குதித்தவனா

பத்திரிகைகள் அந்தப் படத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடின. முதலாளி அவற்றை வெட்டி வாசல் கண்ணாடிக்குள் ஒட்டினார். ஆனால் கதிரைகள் நிரம்பவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விமர்சகர் ஒருவரும் சினிமாக் கழகத்தாரும் காட்சி முடிந்து வாசல் மண்டபத்தில் நின்று கதைத்தார்கள். அந்தப் பெடியன் கால் தவறி விழுந்தானா, தானாகவே குதித்தானா என்பதுதான் வழக்கு. விழுந்தான் என்றால் சமூகத்தின் குற்றமாம், குதித்தான் என்றால் சுதந்திரமாம். அவனை அந்தப் பாலம்வரை தள்ளிவிட்டவர்களைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. என் வீட்டு வழக்கும் அதுதான். ரூபன் போனானா, நான் போக விட்டேனா?

கூட்டுவதற்குத் தும்புத்தடியோடு காத்து நின்ற என்னை விமர்சகர் திரும்பிப் பார்த்தார். தினமும் பார்க்கிறவர் சொல்லட்டும் என்றார். அந்த நேரம் கதவடிக்குப் போய்விடுவேன், கவனித்ததில்லை என்றேன். அவர் சந்தோஷமாக மற்றவர்களிடம் சொன்னார்: "பாத்தீங்களோ, இவர்தான் உண்மையான ரசிகர். முடிவைப் பற்றி இவருக்கு ஒரு கவலையும் இல்லை."

இலவசக் காட்சி

இளைஞர்களைப் பற்றிய படத்தை இளைஞர்கள் பார்க்க வேண்டாமா என்று முதலாளிக்கு ஒரு யோசனை. ஒரு பின்னேரக் காட்சியை அவர்களுக்கு இலவசமாக விட்டார். கால்சா என்ற ஏழைப் பகுதியிலிருந்து ஒரு கூட்டம் வந்தது. திரையில் பெடியன்கள் படிக்கட்டில் குந்தியிருந்து துப்பினால் இவர்கள் கைதட்டினார்கள். இடைவேளைக்கு விளக்குப் போட்டதும் எல்லாரும் எழும்பிவிட்டார்கள்.

கடைசியாகப் போனவன் என் முகத்தை உற்றுப் பார்த்தான். ரூபனின் அப்பாவா என்று கேட்டான். ஓம் என்றேன். கேட்க எவ்வளவோ இருந்தது. மகன் சாப்பிடுகிறானா என்று மட்டும் கேட்டேன். பெடியன் சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு சொன்னான்: "நாங்கள் சும்மா இருக்கிறதை எங்களுக்கே படம் பிடிச்சுக் காட்டுறீங்கள். ரூபனிட்டையும் சொல்லிவிடுறன், வந்து தன்னைப் பார்க்கட்டும்."

எழும்பாதவன்

படம் மாறுவதற்கு முன், மழை பெய்த ஒரு பின்னேரம் ரூபன் வந்தான். மெலிந்திருந்தான். உள்ளே தாய் கோப்பை வைக்கும் இடம் போய்க்கொண்டிருந்தது. டோர்ச் அடித்து, கடைசி வரிசையில் இருத்தினேன். முடிந்து விளக்குப் போட்டும் அவன் எழும்பவில்லை. அடுத்த காட்சி தொடங்கியது. வாசலை விட்டுவிட்டு நானும் பின்சுவரோடு நின்றேன். பாலம் வந்தது. பிறகு தாய் அலுமாரியைத் திறந்து கோப்பையை எடுத்தாள். அவன் வந்த இடம். இதில் எல்லாரும் எழும்புவார்கள். அவன் முன்கதிரையைப் பிடித்தபடி கடைசிவரை இருந்தான்.

கதவடியில் நான் கேட்டேன்: "சாப்பிட்டியோ?"

"ஓம்."

"அம்மா..." என்று தொடங்கினேன்.

"அவன் விழுந்தவனோ அப்பா, குதிச்சவனோ?"

"அந்த நேரம் நான் உன்னைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

அவன் மிலானோவுக்கு ரயில் எடுக்கப்போவதாகச் சொன்னான், ஆரோ வேலை சொல்லியிருக்கிறார்களாம். ஜாக்கெட்டைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டு படியிறங்கினவன் திரும்பி நின்றான்: "அம்மாட்டைச் சொல்லுங்கோ, இனி எனக்குக் கோப்பை வைக்க வேண்டாமெண்டு."

ரீத்தாவிடம் அதை நான் இன்னும் சொல்லவில்லை, அவள் இன்றும் அவனுக்குக் கோப்பை வைக்கிறாள்; பாதியில் வருகிறவனுக்கும் இடம் காட்டுவதுதானே என் தொழில்.