சரோஜாக்காவின் வேப்பங்கொப்பு

எங்கள் தெருவுக்கு ராத்திரியோடு ராத்திரியாக ரோடு போட்டுவிட்டார்கள். முக்குக் கல்யாண மண்டபத்துக்கு நாளை யாரோ பெரிய மனிதர் வருகிறாராம். நாங்கள் கொடுத்த மனுவுக்கெல்லாம் அசையாத ஜல்லி, ஒரு முகூர்த்தத்துக்கு வந்து இறங்கியது.

காலையில் பால் வாங்கப் போனேன். பக்கத்து வீட்டு சரோஜாக்கா கையில் வேப்பங்கொப்போடு நடுரோட்டில் நின்றிருந்தார்.

போன ஐப்பசி மழையில், தண்ணீர் நிறைந்திருந்த குழி தெரியாமல் மொபெட்டோடு விழுந்துதான் அவர் வீட்டுக்காரர் இறந்தார். அப்புறம் வேறு யாரும் விழக்கூடாதென்று, அந்தக் குழியில் அக்கா ஒரு கொப்பை நட்டு வைப்பார். வாடினால் கண்ணில் படாதென்று தினமும் புதுக்கொப்பு.

"ரோடு போட்டுப்போட்டாங்கக்கா. இனி யாரும் உழுகமாட்டாங்க" என்றேன்.

"நல்லது கண்ணு. அவரு உழுந்த எடம் எதுன்னு மட்டும் காட்டு சாமி. எனக்குத் தெரிய மாட்டீங்குது."

அந்தக் குழியை எத்தனையோ கோணத்தில் படமெடுத்து மனுவோடு அனுப்பியவன் நான். எனக்கும் தெரியவில்லை. குத்துமதிப்பாக ஓரிடத்தைக் காட்டினேன். அக்கா குனிந்து கொப்பை அங்கே படுக்க வைத்தார்.

பின்னால் பைக்கில் வந்தவர் ஹாரன் அடித்தார். "ஏனுங்கக்கா, நல்ல ரோட்டுல எதுக்குங்க கொப்பப் போடறீங்க? யாராச்சும் சறுக்கி உழுகறதுக்கா?"

அக்கா சட்டென்று அதை எடுத்துக்கொண்டார். "தப்புத்தானுங்க" என்றார். கொப்போடு வீட்டுக்குள் போய்விட்டார்.

தெரு வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் கும்பிடு போட்டு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நானும் சொல்ல வேண்டுமாம்.

யாருக்கென்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.