பழமா, செங்காயா

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். எழுதிய புரோகிராம் ஓடாத நாட்களில் யாரும் என் பக்கம் வர மாட்டார்கள், அக்காவைத் தவிர. பழனிசெட்டிபட்டியில் அவள் வீட்டு மாடியில்தான் என் வேலை.

திராட்சைக் குலைக்கு நேரே போனைப் பிடித்தால், பழமா, முழுசாய்ப் பழுக்காத செங்காயா என்று அந்தப் போனே பார்த்துச் சொல்ல வேண்டும். கம்பம் பக்கத்துப் பந்தல்களுக்குள் சிக்னல் நிற்காது. படத்தை எங்கேயோ இருக்கும் சர்வருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க முடியாது. முதலில் சுலபமான வழியில் எழுதிப் பார்த்தேன். தோட்டத்து ஆட்களின் விலை குறைந்த போன்கள் தோசைக்கல்லாய்ச் சுட்டன. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு, எந்த ஆப்பிலும் பொருத்தக்கூடிய ஒரு புரோகிராம் தொகுப்பை சி பிளஸ் பிளஸ் மொழியில் முதலிலிருந்து எழுதினேன். வேகத்துக்காக என்னென்னவோ வெட்டினேன். படம் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையும் அதில் போயிற்று.

வாங்க முன்வந்தவர் ஒரே ஒருவர், கம்பத்துத் திராட்சை வியாபாரி. பாய் என்று கூப்பிடுவேன். "அறுப்பன்னிக்குக் கொண்டாங்க. சரியாச் சொன்னா என் ஆளுக போன்ல எல்லாம் போட்டுருவோம். இல்லைன்னா விட்ருவோம்மா" என்றார். அவரும் விட்டால், கடையைக் கட்டிவிட்டுச் சென்னையில் வேலை தேட வேண்டியதுதான்.

அறுப்பு ஆயுத பூஜைக்கு மறுநாள் வாய்த்தது. அக்காவும் கூட வந்தாள். கறுகறுவென்று தொங்கிய குலைக்கு நேரே பாய் என் போனைப் பிடித்தார். செங்காய் என்றது. அடுத்த குலைக்கும் செங்காய். அவர் ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "தேனா இருக்கேம்மா" என்றார்.

நிறக் கணக்கில் சிவப்பும் நீலமும் இடம் மாறிவிட்டனவோ என்று, போன் எடுத்த படத்தை லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தேன். குலை மீது செம்மஞ்சளாக ஒரு மூட்டம். போனைத் திருப்பி முகத்தருகே கொண்டுபோனேன். லென்ஸில் சந்தன வாசம்.

முந்தின நாள் மிக்சி, ஸ்கூட்டி என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்த அக்கா, இதற்கும் வைத்திருக்கிறாள். "அதுதானடி பாக்குது, அதான் அங்கன வச்சேன். காலையில தொடச்சுட்டேனே" என்றாள்.

"உன்னை யாரு வைக்கச் சொன்னா? என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன். அவள் வண்டிப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

லென்ஸைத் துப்பட்டாவால் துடைத்துக் காட்டினேன். பழம் என்றது. பாய் அசரவில்லை. "அக்காவை ஏம்மா வையிறீங்க? பிரியமாத்தான வச்சாக. என் ஆளுக போன்ல மருந்தும் பழச்சாறும் அப்பியிருக்கும். கண்ணு தெரியாமயே இது அடிச்சுச் சொல்லுதே, அதுதான் பயமாருக்கு." அடுத்த அறுப்புக்கு இன்னொரு தடவை பார்ப்போம் என்று மட்டும் சொன்னார்.

வெட்டிய சோதனையைத் திரும்பச் சேர்த்தேன். வேகம் போகாமலிருக்க வேறு இடங்களில் மல்லுக்கட்டினேன். அக்காவிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

அடுத்த அறுப்பில் பாய், பிசுபிசுத்த கட்டைவிரலை வேண்டுமென்றே லென்ஸில் தேய்த்துவிட்டுக் குலையைக் காட்டினார். 'தெரியவில்லை, லென்ஸைத் துடைக்கவும்' என்றது. கைலி முனையால் துடைத்தார். 'பழம்' என்றது. "போட்டுருங்கம்மா" என்றார்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அக்கா சந்தனக் கிண்ணத்தோடு மாடிக்கு வந்தாள். லேப்டாப்புக்கு வைத்தாள், நாற்காலிக்கும் வைத்தாள். போனை மட்டும் தாண்டிப் போனாள். நானே எடுத்து அவளிடம் நீட்டினேன், லென்ஸ் இருக்கும் பக்கமாக.

"வையிக்கா. தெரியலைன்னா அதுவே சொல்லும்."