தௌசீப் பாய் தரம் பிரித்த சாலைகள்

2023 ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தே காலுக்கு தௌசீப் அகமது என் வீட்டுக்கு வந்தார். நாளையிலிருந்து ஒரு வேலை இருக்கிறது, நீளமான நோட்டு ஒன்று வாங்கி வை என்றார். நாங்கள் இருவரும் ஓய்வு பெற்று அப்போது ஒரு வருடம் ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் கிடங்கில் அவர் செலக்டர், நான் ரைட்டர். பதனிட்டு முடிந்த ஆட்டுத்தோலை மேசையில் விரித்து, பார்த்து, விரலால் தடவி, எந்த ரகம் என்று சொல்வது செலக்டர் வேலை. அதைப் பதிவேட்டில் ஏற்றுவது ரைட்டர் வேலை. இருபத்தொன்பது வருடம் ஒரே மேசையின் இரண்டு பக்கமும் நின்றோம். ஒரு நாளைக்கு அறுநூறு தோல் பார்ப்பார். முதல் ரகம் என்று அவர் வாயிலிருந்து வருவது அபூர்வம். ஆயிரம் தோலுக்குப் பதினான்கைத் தாண்டிய நாள் என் பதிவேட்டில் மூன்றுதான்.

தோலில் அழகு என்று தனியாக ஒன்றும் கிடையாது என்பது அவர் கணக்கு. உண்ணிக் கடி, முள் கீறல், சூட்டுத் தழும்பு, கத்தி வெட்டு, இவை எத்தனை என்று பார்க்க வேண்டும். எதுவும் இல்லாவிட்டால் முதல் ரகம். மேசை வடக்கு ஜன்னலை ஒட்டித்தான் இருக்கும். காலை பத்து மணிக்கு மேல், மாலை மூன்று மணிக்குள். சாய்ந்த வெயில் மேசையில் விழுந்தால் வேலையை நிறுத்திவிடுவார். அந்த வெளிச்சத்தில் இல்லாத சுருக்கமும் இருப்பதுபோலத் தெரியும், தோலுக்கு அநியாயம் செய்துவிடுவோம் என்பார்.

இப்போது வந்த வேலை இதுதான். அவருடைய ஒரே மகள் அக்தர் பானுவுக்கு நான்கு மாதத்துக்கு முன் நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. பானுவுக்கு விசா வந்துவிட்டது. ஜனவரி 24 செவ்வாய்க்கிழமை விமானம். அங்கே உதவும் என்று அக்டோபரில் கார் ஓட்டக் கற்று லைசென்சும் வாங்கியிருந்தாள். போவதற்கு முன் ஒரு வாடகைக் காரை எடுத்து, தன் கையால் ஓட்டி, அப்பாவையும் அம்மாவையும் எங்காவது அழைத்துப்போக வேண்டும் என்பது அவள் ஆசை. எந்த வழி என்பதை மட்டும் அப்பா சொல்ல வேண்டும். நல்ல வழியாக, பார்க்க அழகாக இருக்க வேண்டும். வேலூரில் ஓட்டுநர் இல்லாமல் கார் கொடுக்கும் ஓர் இடத்தில் ஜனவரி 14, 15 இரண்டு நாளுக்குப் பதிவும் செய்துவிட்டாள்.

பார்க்காமல் எப்படிச் சொல்வது என்று பாய் கேட்டார். அதற்குத்தான் நோட்டு.

ஜனவரி 9 அன்று பேருந்தில் ஏலகிரி போனோம். மலையடிவாரத்துக்குப் பதினொன்று இருபதுக்குச் சேருகிற மாதிரிதான் கிளம்பினோம். வெளிச்சம் நேராக இருக்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை. அவர் ஜன்னலோரம், நான் பக்கத்தில் நோட்டுடன். பதினான்கு வளைவு. ஏழில் தின்பண்டக் காகிதம், மூன்றில் விடுதி விளம்பரப் பலகை, ஒன்றில் உடைந்த தடுப்புச் சுவர். மேலே ஏரியைப் பார்த்து, தண்ணீர் பரவாயில்லை, கரையில் கூட்டம் ஜாஸ்தி என்றார். மூன்றாம் ரகம்.

ஜனவரி 10, பேரணாம்பட்டிலிருந்து ஆந்திர எல்லைக்கு ஏறும் மலைப்பாதை. லாரிகள். நான்காம் ரகம். 11 அன்று குடியாத்தம் வழியாக மோர்தானா அணை. அணை நன்றாக இருந்தது என்று அவரே சொன்னார். ஆனால் வழியில் மூன்று வேகத்தடைக்கு வெள்ளைக் கோடு இல்லை. மூன்றாம் ரகம். 12 அன்று ஆலங்காயம், காவலூர் வழியாக ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூர். உச்சி வெயிலில் மலை தட்டையாக, தூசி படிந்த பச்சையில், மடித்து வைத்த கோணிப்பை போலக் கிடந்தது. காய்ந்த புதர், ஓரம் அரித்த தார். பன்னிரண்டு பத்துக்கு அவர் நாலு என்றார், நான் நாலு என்று எழுதினேன். எனக்கும் வேறு ஒன்றும் தோன்றவில்லை.

13ஆம் தேதி இரவு வரைக்கும் முதல் ரகம் கிடைக்கவில்லை. பானு பதிவை 18க்கு மாற்றினாள். பொங்கல் கூட்டத்தில் ஒரு வழியும் நன்றாக இருக்காது என்று அவள் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். 16, 17 இரண்டு நாளும் நாங்கள் மறுபடி அலைந்தோம். வாலாஜாபேட்டை பக்கம் பாலாற்றங்கரைச் சாலை: ஆற்றில் தண்ணீர் கம்மி, மூன்று. அமிர்தி காட்டுச் சாலை: காட்டைப் பார்க்க விடாமல் இரண்டு பக்கமும் வேலி, மூன்று. 18ஆம் தேதிப் பதிவும் போயிற்று. மறுபடி மாற்றப் போனபோது 22 ஞாயிறு ஒரு நாள்தான் கார் இருந்தது. அதையும் விட்டால் அப்புறம் மூட்டை கட்டுவதற்குத்தான் நேரம்.

19ஆம் தேதி மாலை பாய் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் வீட்டில் உருது, என் முன்னால் தமிழ். பானு சுவரோரம் திறந்து கிடந்த பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். பாய் நோட்டைப் புரட்டி, குடியாத்தம் வழியை மட்டும் இன்னொரு தரம் பார்த்துவிடலாமா என்று என்னைக் கேட்டார். பானு கையிலிருந்த துப்பட்டாவை மடிக்காமலே பெட்டிக்குள் போட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

மஹ்பூபி அதைப் பார்த்தார். பாயின் மனைவி. அதிகம் பேசாதவர், பேசினால் நேராகப் பேசுவார்.

"அண்ணா, உங்க தோஸ்த் என்னையும் இப்படிப் பார்த்திருந்தா எனக்கு நிக்காஹ்வே ஆயிருக்காது. நல்லவேளை, இவங்க அம்மா வந்து பார்த்தாங்க. பாஸ் ஆயிட்டேன்."

பாய் சிரித்தார். மஹ்பூபி சிரிக்கவில்லை. அவர் பக்கம் திரும்பினார்.

"குறையே இல்லாத தோல் எப்படி வரும்னு ஒரு நாள் சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? வெளியே மேயவே விடாம, கட்டிப்போட்டு வளர்த்த ஆடுன்னு சொன்னீங்க. முள்ளுகிட்ட போகாது, வேலிகிட்ட போகாதுன்னு. நான் முப்பத்தொரு வருஷமா முதல் ரகமா இருந்துட்டேன். எனக்குப் போதும். ஞாயித்துக்கெழம நாலாம் ரகத்துல போனாலும் போவோம்."

பாய் நோட்டை மூடினார். நாலாம் ரகம்தான் என்றால் ஜவ்வாது மலைக்கே போகலாம், மற்றதை எல்லாம் பானு மாப்பிள்ளையோடு வந்து பார்த்துக்கொள்வாள் என்றார். நான் எழுந்தபோது மஹ்பூபி என்னையும் வரச் சொன்னார். இவர் வழியெல்லாம் குறை சொல்லிக்கொண்டே வருவார், அதைக் கேட்டு எழுத ஒரு ஆள் இருந்தால் நாங்கள் இரண்டு பேரும் வெளியே பார்ப்போம் என்றார்.

22ஆம் தேதி விடியுமுன்பே வேலூரிலிருந்து கார் வாசலுக்கு வந்துவிட்டது. காலை ஐந்து நாற்பதுக்குக் கிளம்பினோம். பானு ஓட்டினாள். முன்னால் பக்கத்து இருக்கையில் நான், பின்னால் பாயும் மஹ்பூபியும். காரை மாலை ஆறு மணிக்குள் வேலூரில் திருப்பி விட வேண்டும். பகலில் போய் வந்தால் போதாதா, இவ்வளவு சீக்கிரம் எதற்கு என்று பாய் இரண்டு முறை கேட்டார். சாலை காலியாக இருந்தால்தான் தனக்குத் தைரியம் என்று பானு சொன்னாள். உண்மையான காரணம் அதுதான். வேறு யோசனை யாருக்கும் இல்லை.

வாணியம்பாடி வரைக்கும் இருட்டு. குறை ஒன்றும் தெரியவில்லை. ஆலங்காயம் தாண்டி வெளுத்தது. பாய் ஆரம்பித்தார். ஓரம் அரிப்பு, எழுது. பள்ளம், எழுது. மைல்கல் சாய்ந்திருக்கு, எழுது. ஆறு ஐம்பத்திரண்டு வரைக்கும் ஒன்பது குறை எழுதினேன்.

காவலூர் தாண்டும்போது சூரியன் எதிரே எழுந்து வந்தது. பானு கண்ணுக்கு மேலே இருந்த மறைப்பை இறக்கினாள். நான் அடுத்த குறைக்காகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பின்னாலிருந்து சத்தம் இல்லை. தூங்கிவிட்டாரோ என்று திரும்பினேன். ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, நெற்றி வெளியே போகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். பத்து நாளைக்கு முன் கோணிப்பை போலக் கிடந்த மலை இப்போது அடுக்கடுக்காகப் பிரிந்து நின்றது. ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு நிழல். பள்ளங்களில் பனி தேங்கியிருந்தது. சாமை அறுத்த தாளடியில் ஒவ்வொரு கட்டையும் தனித்தனியாகத் தெரிந்தது.

ஏழு பதினெட்டுக்கு ஒரு வளைவில் பானு கியரைத் தவறாகப் போட்டு வண்டி குலுங்கி நின்றது. நான் நேரத்தை எழுதப் போனேன்.

"அத எழுதாத, ரைட்டரே," என்றார் பாய்.

அங்கேயே ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கினார். நாங்களும் இறங்கினோம். அவர் தடுப்புச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, மேசை முன் நிற்கிற மாதிரி நின்றார். விரல்கள் மட்டும் சுவரைத் தடவிக்கொண்டிருந்தன.

"இவ்ளோ மடிப்பு இருக்கா இந்த மலையில? அன்னைக்கு ஒண்ணுகூடத் தெரியலையே."

பானு பக்கத்தில் போய் நின்றாள்.

"உச்சி வெயில்ல பார்த்தா எப்படிப்பா தெரியும்? ஒன்பது நாளும் மத்தியானத்துலதானே சுத்துனீங்க ரெண்டு பேரும்."

நாங்கள் வீட்டில் இருந்த நாட்களையும் சேர்த்துத்தான் அவள் சொன்னாள். நாங்கள் சுற்றியது ஆறு நாள். நான் திருத்தவில்லை. பாய் என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்தது. சாய்ந்த வெயிலில் பார்க்கக் கூடாது என்று இருபத்தொன்பது வருடம் காத்த விதியைத்தான் மலைக்கும் வைத்திருந்தோம். தோலில் எந்த மடிப்பு தெரியக் கூடாதோ, மலையில் அந்த மடிப்பைப் பார்க்கத்தான் மனிதர்கள் வருகிறார்கள். ஆறு சாலைக்கும் நாங்கள் அநியாயம் செய்திருந்தோம்.

"நாலுன்னு எழுதியிருக்கியே, அத அடிச்சுடு," என்றார்.

கிடங்கில் எழுதிய ரகத்தை அடிக்கக் கூடாது. அவர் ஒருநாளும் அடிக்கச் சொன்னதில்லை. நான் அடித்தேன். பதிலுக்கு என்ன எழுதுவது என்று கேட்டேன். ஒன்றும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மஹ்பூபி நின்ற இடத்துக்குப் போய் அவருக்குப் பனி தேங்கிய பள்ளத்தைக் காட்டினார். மஹ்பூபி அதை எப்போதோ பார்த்துவிட்டிருந்தார். ஆனாலும் அவர் கை காட்டிய பக்கம் மறுபடி பார்த்தார்.

ஜமுனாமரத்தூரில் சாப்பிட்டோம். ஏரியில் படகு ஏற மஹ்பூபிக்குப் பயம், ஏறிய பிறகு இறங்க மனமில்லை. இரண்டு சுற்று போனார்கள். நான் கரையில் இருந்தேன். போளூர்ப் பக்கம் மலையிறங்கும்போது மணி இரண்டரை. வெயில் நேராக இருந்த அந்த நேரத்தில் வழி உண்மையிலேயே சாதாரணமாகத்தான் இருந்தது. பாய் ஒரு குறையும் சொல்லவில்லை. பானு எப்படி வளைவில் வேகத்தைக் குறைக்கிறாள், கண்ணாடியை எத்தனை முறை பார்க்கிறாள் என்பதையே பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார்.

போளூர் வந்ததும் பானு டீக்கடை ஓரம் நிறுத்தி, போனில் வழி பார்த்தாள். மணி நான்கு. கண்ணமங்கலம் வழியாகப் போனால் ஐந்தேகாலுக்கு வேலூர். காரை விட்டுவிட்டு ஆறு மணி பேருந்தைப் பிடிக்கலாம் என்றாள். அப்படியே செய், அதுதான் சரி என்று நானும் சொன்னேன்.

பாய் முன்பக்கம் குனிந்து அவள் போனைப் பார்த்தார். அதில் நீலத்தில் ஒரு கோடும், வெளிறிய நிறத்தில் இன்னொரு கோடும் இருந்தன.

"இது இன்னா வழி?"

"ஆரணி வழிப்பா. அதுல பார்க்க ஒண்ணும் இல்ல. கடை, வயல், டிராபிக். சுத்து வேற, பதினாறு கிலோமீட்டர் ஜாஸ்தி."

பாய் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அதுலயே போம்மா."

பானு கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். சாலையை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஆரணிப் பக்கம் திருப்பினாள். அவள் சொன்னது போலவே அந்த வழியில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. மாவுமில், சைக்கிள் கடை, அறுவடை முடிந்த வயல், ரயில்வே கேட் மூடியது மாதிரி நீண்டு நின்ற லாரி வரிசை. மெதுவாகத்தான் போக முடிந்தது. யாரும் அவசரப்படவில்லை. மஹ்பூபி தூங்கிவிட்டார். பாய் தூங்காமல், பானு ஓட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலூரில் காரை விட்டபோது மணி ஏழு பத்து. ஒரு மணி பத்து நிமிடம் தாமதம். மீட்டரில் அன்று ஓடியது 236 கிலோமீட்டர். அதை எழுதினேன். பக்கத்தில் ரகம் என்று நானே கோடு போட்டு வைத்திருந்த கட்டம் காலியாக இருக்கிறது.