வாயு மேகமும் ஓமத் தண்ணீரும்

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம், மணவாள நகரில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் திருவள்ளூரில் அறிவியல் டீச்சர். மறுநாள் வகுப்பில் நெபுலா நடத்த வேண்டும். நட்சத்திரங்கள் பிறக்கும் அந்த வாயு மேகத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது என்ற நினைப்போடுதான் காபித் தட்டை ஏந்திக்கொண்டு போய் நின்றேன்.

"இன்னாம்மா, ஒரே யோசனையா கீறே?" என்றார் புதுவாயலிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா.

"வாயுவைப் பத்திதாங்க."

அவர் முகம் மாறியதை நான் கவனிக்கவில்லை. கேள்வி கேட்டால் விளக்காமல் விடுவது டீச்சர் புத்திக்கு ஆகாது.

"அது ஒரே மாதிரி நிக்காதுங்க. சுருண்டுக்கினே இருக்கும். ஒரு பக்கம் கலையும், ஒரு பக்கம் திரண்டு கெட்டியாவும். உள்ள சூடு ஏறிச்சின்னா மிச்சத்தையெல்லாம் வெளிய தள்ளிடும்."

என் அப்பா கண்களை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார்.

"எவ்ளோ நாளா?" அந்த அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"லட்சக்கணக்கான வருஷமா."

"எனக்கும் அப்பிடித்தாம்மா தோணும்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொண்ணு பாக்குற எடத்துல இத்த ஒளிக்காம சொன்னவ நீ ஒருத்திதான். எனக்குப் புடிச்சிக்கீது."

கல்யாணமான மறுநாள் காலையில் ஒரு டம்ளர் ஓமத் தண்ணீர் வந்தது. அப்புறம் தினமும் வந்தது. அவ்வளவு அக்கறையாகக் காய்ச்சிக் கொடுப்பவரிடம் நெபுலாவைப் பற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது மாமியார் இல்லை. எனக்கு நிஜமாகவே வாயு வந்துவிட்டது. டம்ளரோடு வந்து நிற்கத்தான் ஆள் இல்லை.