ஆடியில் வந்த கூரியர்

கல்வராயன் மலையிலிருந்து லாரி லாரியாக மரவள்ளிக்கிழங்கு இறங்கும். அதை அரைத்து மாவாக்கும் மில் ஒன்று கள்ளக்குறிச்சியில் எங்களுக்கு இருக்கிறது. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை சிங்கப்பூருக்கு மாவு அனுப்பினோம். ஈரம் ஜாஸ்தி என்று வாங்கிய கம்பெனி தகராறு செய்தது. ஒப்பந்தத்தில் இருந்தபடி அங்கேயே ஒரு நடுவரிடம் போனார்கள்.

நடுவர் அனுப்பிய கடிதம் ஆடி மாதம் வந்தது. வீட்டுக்காரர் கிழங்கு பார்க்க மலைக்குப் போயிருந்தார். ஆடியில் புதிதாக எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். கறாராக அதைக் காப்பாற்றி வந்தவள் நான்தான். கூரியர்க்காரரிடம், "ஆடி போவட்டும், அப்புறமா எடுத்துகினு வாங்க" என்றேன். அவர் உறைமேல் ஏதோ எழுதிக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

அவர் எழுதியது, வாங்க மறுத்தார் என்று. மறுத்தால் கையில் கிடைத்த மாதிரியாம். எங்கள் பக்கத்தைக் கேட்காமலே நடுவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். யார் மறுத்தது என்று வீட்டுக்காரர் ஒரு நாளும் என்னைக் கேட்கவில்லை.

தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி சிங்கப்பூர் கோர்ட்டில் வழக்குப் போட்டோம். அது நடக்கும்போதே அந்தக் கம்பெனி சென்னை ஐகோர்ட்டுக்கு வந்து, தீர்ப்பை நிறைவேற்றுங்கள், மில்லை ஜப்தி செய்யுங்கள் என்று கேட்டது. அங்கே முடிவு தெரியட்டும் என்று நீதிபதி ஒத்திவைத்தார். வக்கீல் போனில் சொன்னதும், "கேசரி கிண்டு" என்றார் வீட்டுக்காரர். கேசரி ஆறுவதற்குள் உத்தரவின் மீதிப் பக்கம் வாட்ஸ்அப்பில் வந்தது. ஒத்திவைக்க வேண்டுமானால் சொத்து ஈடு கொடுக்க வேண்டும், இரண்டு வாரத்துக்குள்.

மில் ஏற்கெனவே பாங்கில் அடமானம். மிச்சம் இருந்தது மணலூர்பேட்டையில் என் அப்பா எனக்கு எழுதிவைத்த கரும்புக்கொல்லைதான்.

"இன்னா பண்ணலாம்?" என்று கேசரித் தட்டைப் பார்த்துக் கேட்டார். எனக்கு ஆத்திரம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது மனசு. "குடுத்துடலாங்க" என்றேன்.

அதற்குள் மறுபடியும் ஓர் ஆடி வந்திருந்தது. பத்திர ஆபீஸ் காலியாகக் கிடந்தது. "இன்னாம்மா, ஆடியில வந்துகிறீங்க? யாருமே வரமாட்டாங்களே" என்றார் அங்கிருந்த எழுத்தர். "கோர்ட்டுல தேதி குடுத்துட்டாங்க" என்றேன்.

முழுச் சம்மதம்தானா என்று பதிவாளர் கேட்டார். ஆமாங்க என்றேன். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும், கூரியர் வந்த அன்றைக்கே இந்தக் கையெழுத்தைப் போட்டிருக்கலாமே என்று வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்பார் என்று நின்றேன். கேட்டிருந்தால் அழுதிருப்பேன். அவர் வண்டியைக் கிளப்பி, "ஏறு" என்றார்.