அக்காவின் புத்தகக் கடையும் முறைக்கு வந்தவர்களும்

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுதும்படி பங்காளிகள் கேட்டுக்கொண்டார்கள். அக்காவைப் பற்றி எழுத என்னிடம் நல்லது மட்டும்தான் இருக்கிறது. மற்றவர்களைப் பற்றி அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை.

மடத்துக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துச் சாளை வீட்டில் அக்கா பிறந்தார். பத்தாவது வரை படித்தார். பல்லடத்தில் வாழ்க்கைப்பட்டார். கொஞ்ச காலத்திலேயே மச்சான் காய்ச்சலில் போய்விட, திருப்பூரில் என்னிடம் வந்து சேர்ந்தார். "மூலையில் உட்காருகிற வயசா இது" என்று அங்கலாய்த்துக்கொண்டே உறவுக்காரர்கள் அவரை மூலையில் உட்கார வைக்கப் பார்த்தார்கள். அக்கா உட்காரவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில், பனியன் கம்பெனி வைத்திருந்த எங்கள் சித்தப்பாவின் கட்டடத்தில் முன் அறையை வாடகைக்குப் பிடித்துப் புத்தகக் கடை வைத்தார். பனியன் ஊரில் புத்தகக் கடையா என்று சிரித்தவர்கள், பள்ளிக்கூடம் திறந்ததும் பிள்ளைகளுக்கு நோட்ஸ் வாங்க முதல் ஆளாக வந்து நின்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமைதான் கடைக்கு உயிர். ஊர் ஓரத்து மண்ணரைப் பகுதியில் ஒரே அறையில் ஆறேழு பேராகத் தங்கியிருந்த பனியன் கம்பெனிப் பெண்களுக்கு, லீவு நாளில் போய் உட்கார இந்த ஊரில் ஓர் இடம் கிடையாது. டீக்கடை ஆண்களுக்கு. சினிமாவுக்குத் தனியாகப் போனால் ஊர் பேசும். அக்கா கடைக்குள் இரண்டு பெஞ்சு போட்டார். "வாங்கினாத்தான் படிக்கோணும்னு இல்லீங்க, உக்காருங்க" என்பார். படிக்கத் தெரிந்த ஒருத்தி உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். கதையில் வரும் மாமியாரை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். சிலர் அந்தப் பெஞ்சிலேயே எழுத்துக் கூட்டப் பழகினார்கள். தைத்த பனியனில் பழுது பார்க்கும் செக்கிங் வேலை பார்த்த ரோஸ்லின் அப்படிப் பழகியவர்.

சித்தப்பாவுக்கு இது பொறுக்கவில்லை.

"ஏங்கண்ணு, கம்பெனிப் புள்ளைகளக் கூட்டி உக்கார வெச்சா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"நாலு பேரு வாய்க்காக இத்தன பேரு எந்திரிச்சுப் போகோணுங்களா, சித்தப்பா?"

ஊர்ப்பேச்சு வெறும் சாக்கு. பேப்பர் படிக்கப் பழகிய பெண்கள், ஓவர்டைம் கூலியைப் பற்றி அவர் கம்பெனியிலேயே கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அதே மனிதர், புது வீட்டு ஷோகேஸில் அடுக்கப் புத்தகம் வேண்டும் என்று பிறகு ஒரு நாள் வந்தார். பனியன் துணி எடுப்பதுபோல, "கிலோ என்ன கண்ணு? எல்லாம் ஒரே கலராக் குடு" என்றார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. "ஊட்டுல படிக்கறவங்க யாராச்சும் இருந்தா அனுப்புங்க, சித்தப்பா" என்று சொல்லி அக்கா அவரை அனுப்பிவிட்டார்.

தொண்ணூறுகளில், வயிற்றில் கட்டி என்று அக்கா கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது சித்தப்பா கடையைக் காலி செய்தார். அங்கே பனியன் ஷோரூம் வருகிறதாம். புத்தகங்களை அள்ளி வாசலில் கொட்டினார்கள். வாசலில் சாக்கடை, அதில் சாயத் தண்ணீர். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பாதிப் புத்தகங்கள் சிவப்பாக ஊறிக் கிடந்தன. அளவெடுக்க வந்த ஆள் செருப்புக் காலோடு அவற்றின்மேல் நின்று டேப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த ஷோரூம் திறப்பு விழாவுக்கு நம் உறவில் ஒருவர் விடாமல் போய்ச் சந்தனம் பூசிக்கொண்டு வந்தீர்களே, அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

சாக்கடையில் இறங்கிப் புத்தகங்களை எடுத்தவர்கள் அந்தப் பெண்கள்தான். ஒவ்வொன்றாகக் கழுவித் துணிக்கொடியில் காயப்போட்டார்கள். மண்ணரையில் ஒரு தகரக் கொட்டகை பிடித்தார்கள். அக்கா திரும்பி வந்து, கடைசிவரை அந்தக் கொட்டகையில்தான் கடை நடத்தினார். சாயம் ஏறிய புத்தகங்களைத்தான் முதலில் எடுத்துப் படிக்கிறார்கள் என்று சொல்லிச் சிரிப்பார்.

அக்கா இறந்த அன்று, உடல்மேல் கோடித் துணி போடும் நேரம் வந்தது. அண்ணன் தம்பி முறையில் வந்தவர்கள் எல்லாரும் பட்டு எடுத்து வந்திருந்தார்கள். சித்தப்பா வீட்டுப் பட்டு மேலே தெரிய வேண்டும் என்று அவர் மகன்கள் சண்டை பிடித்தார்கள். பிணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்டரின் விலையைப் பேசினார்கள். இதைவிட அருவருப்பான ஒன்றை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை.

ரோஸ்லினும் மற்றப் பெண்களும் ஒரு நூல் சேலையோடு வந்தார்கள்.

"மொறை இல்லாதவங்க கோடி போடக்கூடாதுங்க. அப்படி ஓரமா வெச்சுட்டுப் போங்க" என்றார் சித்தப்பா.

"இத்தன வருசமா அக்கானுதானுங்க கூப்பிட்டோம், சாமி. அதுக்கு மேல என்ன மொறைங்க வேணும்?" என்றார் ரோஸ்லின்.

கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். பிறந்த வீட்டுக் கோடி என் உரிமை. நான் எடுத்த சேலையை மடித்து வைத்துவிட்டு, அவர்களைக் கூப்பிட்டு அவர்கள் கையாலேயே போடச் சொன்னேன். பட்டு எல்லாவற்றுக்கும் மேலே அந்த நூல் சேலையோடு அக்கா போனார்.

கடையின் சாவி இப்போது ரோஸ்லினிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெஞ்சு நிறைந்துவிடுகிறது. அக்காவை ஆஸ்பத்திரியில் முறை வைத்துப் பார்த்துக்கொண்ட அவருக்கும், அந்தப் பெண்கள் எல்லாருக்கும், கொட்டகை கொடுத்த வீட்டாருக்கும் என் மனமார்ந்த நன்றி.

துக்கத்துக்கு வந்திருந்த உறவினர்களுக்கு, முறைக்கு ஒரு நன்றி.